கடைசிக் கட்டம்

ரொம்ப நாளாக எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில் எடுத்துக்கிட்டு உட்காருங்க. தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ அழுகாச்சிக் கதைன்னு ஓடிடாதீங்க. இது ஒரு படிவத்தோட வரலாறு. அந்தப் படிவத்தில் கடைசியாக இருக்கும் ஒரே ஒரு கட்டத்தோட வரலாறுன்னும் சொல்லலாம்.

எனக்குப் பிழைப்பு ஒரகடம் பக்கம், கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில். குவாலிட்டி செக்‌ஷன். எங்க லைனில் ஓடுவது கட்டைவிரல் அளவு புஷ். அதில் ஒண்ணு எங்கேயோ தேய்ஞ்சு போய் கம்ப்ளெயிண்ட் வந்ததுன்னா பெட்டி மேலிருக்கும் லாட் நம்பரை எடுப்போம். எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், ஓட்டினது யாரு, இரும்பு எந்த ஹீட்டில் உருகினது, அதே லாட்டில் மத்த பெட்டியெல்லாம் எங்கே போச்சு, அத்தனையும் அரை மணி நேரத்தில் மேஜைக்கு வந்துடும். வரலைன்னா எனக்கு மெமோ வந்துடும்.

இது ஏன் சொல்றேன்னா, 2017இல் என் சித்திக்கு முதுகுவலி வந்தது.

சித்தி வீடு வரதராஜபுரம். 2009இல் அவங்களுக்கு மார்பகத்தில் புற்றுநோய். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம்) ஆபரேஷன் செஞ்சு, ஊசி போட்டு, அப்புறம் மாத்திரை கொடுத்தாங்க. நல்லாகிட்டாங்க. குன்றத்தூர் முருகன் மலைக்குப் படியேறி வந்து எங்க வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகும் அளவுக்கு நல்லாயிட்டாங்க. ரிப்போர்ட்டு எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு பீரோவின் அடித்தட்டில் வெச்சிருந்தாங்க. பத்திரமா இருக்கட்டும்னுதான் அடித்தட்டு.

2015 டிசம்பர் வெள்ளம் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வரதராஜபுரத்தில் அடையாறு வீட்டுக்குள்ளேயே வந்துடுச்சு. சித்தியும் சித்தப்பாவும் மொட்டை மாடிக்குப் போய் உயிர் பிழைச்சாங்க. தண்ணி வடிஞ்சப்புறம் பீரோவைத் திறந்தால் மஞ்சப்பைக்குள்ள கூழ்தான் இருந்தது. எக்ஸ்ரே ஃபிலிம் ரெண்டு மட்டும் கழுவினாப்ல பளபளன்னு கிடந்தது. "பரவால்ல விடுடா, அதான் வியாதி போயிடுச்சே"ன்னாங்க சித்தி.

2017இல் முதுகுவலின்னு ஸ்கேன் எடுத்தப்போ எலும்பில் வந்திருக்குன்னு சொன்னாங்க. வேற ஆஸ்பத்திரி, வேற டாக்டர். அந்த டாக்டரம்மா ரொம்பப் பொறுமையா மூணு கேள்வி கேட்டாங்க.

"அம்மா, அப்ப எடுத்த கட்டியில ஹார்மோன் ரிசப்டார் பார்த்தாங்களா? ரிசல்ட் என்ன?"

"தெரியலைம்மா."

"எத்தனை நெறிக்கட்டியில பரவி இருந்ததுன்னு சொன்னாங்களா?"

"அதெல்லாம் அந்த ஃபைல்ல எழுதியிருந்தாங்கம்மா."

"சரி, என்ன ஊசி போட்டாங்க?"

சித்தி கொஞ்சம் யோசிச்சாங்க. "செவப்பு மருந்தும்மா. மூத்திரம்கூட செவப்பாப் போகும்."

அந்த சிவப்பு மருந்து எதுன்னு டாக்டருக்கு உடனே புரிஞ்சுடுச்சு. டாக்ஸோரூபிசின். ஆனா எத்தனை மில்லிகிராம் போட்டாங்கங்கிறதுதான் கேள்வியே. அந்த மருந்து இதயத் தசையைப் பாதிக்கும். அதனால் ஒரு மனுஷருக்கு வாழ்நாள் முழுக்க மொத்தமா இவ்வளவுதான் போடலாம்னு ஒரு எல்லை உண்டு. 2009இல் போட்டதும் 2017இல் போடப்போறதும் ஒரே கணக்கில்தான் சேரும். முதல் பாதி தெரியாமல் ரெண்டாவது பாதியை எப்படி எழுதுவது?

பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாத்தான் பேசினான். "சார், அவ்ளோ பழைய ஃபைலெல்லாம் வெச்சுக்கிறதில்ல சார்." சட்டப்படி அவன் சொன்னதில் தப்பே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருஷ நெறிமுறை விதிகளின்படி, சிகிச்சை ஆரம்பிச்ச தேதியிலிருந்து 3 வருஷம் ஆவணங்களை வெச்சிருந்தால் போதும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும்னும் அதே விதி சொல்லுது. ஆனா இருந்தால்தானே கொடுப்பாங்க?

மறுபடி பயாப்ஸி, இதயத்துக்கு எக்கோ, அந்த ரிசல்ட் வர காத்திருப்புன்னு ஆறு வாரம் ஓடிப்போச்சு. சித்தி 2019இல் தவறிட்டாங்க. அந்த ஆறு வாரத்தால்தான் போனாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை. ஆனா என்னை இன்னிக்கு வரைக்கும் உறுத்துவது வேற ஒண்ணு. அதைக் கடைசியில் சொல்றேன்.

அன்னிலேர்ந்து இந்த மருத்துவப் பதிவேடு சமாச்சாரத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, இதுக்குள்ள இவ்வளவு பெரிய கதை இருக்கான்னு ஆச்சரியமா இருந்தது. வாங்க, முதல்ல அமெரிக்கா போயிட்டு அடையாறு வருவோம்.

போஸ்டன் டாக்டரின் அட்டை

எர்னஸ்ட் அமரி காட்மன் (1869–1940). போஸ்டன் நகரத்தில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவர். இவர் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி: நாம ஆபரேஷன் பண்ணி அனுப்பின ஆள் ஒரு வருஷம் கழிச்சு எப்படி இருக்கார்?

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி அறிக்கையில் எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் வீட்டுக்குப் போனாங்கன்னு இருக்கும். வீட்டுக்குப் போனவர் அடுத்த மாசமே செத்திருந்தாலும் கணக்கில் அவர் நல்லபடியா வீட்டுக்குப் போனவர்தான். காட்மன் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சின்ன அட்டை போட்டார். என்ன வியாதி, என்ன செஞ்சோம், என்ன ஆச்சு. ஒரு வருஷம் கழிச்சு அந்த ஆளைத் தேடிப் பிடிச்சு அட்டையைப் பூர்த்தி பண்ணணும். பலன் சரியில்லைன்னா ஏன் சரியில்லைன்னும் எழுதணும். இதுக்கு அவர் வெச்ச பேர் "இறுதி விளைவு" முறை.

இதில் எனக்குப் பிடிச்ச சங்கதி, காட்மனுக்கு நண்பர் யாருன்னா ஃபிராங்க் கில்பிரெத். தொழிற்சாலை வேலையை அசைவு அசைவா அளந்து சீர்படுத்தின மனுஷர், எங்க குவாலிட்டி ஆளுங்களுக்கெல்லாம் பெரிய தாத்தா முறை. ஃபேக்டரிக்காரன் தன் சரக்கு எப்படி உழைக்குதுன்னு பார்க்கிறானே, ஆஸ்பத்திரிக்கு அந்தக் கவலை வேண்டாமாங்கிறதுதான் காட்மன் வாதம்.

சொன்னதோடு நிக்கலை. 1911இல் சொந்தமா ஒரு சின்ன ஆஸ்பத்திரி தொடங்கினார். 1916 வரைக்கும் அங்கிருந்து போன 337 நோயாளிகள் விஷயத்தில் நடந்த 123 தவறுகளை அவரே எழுதி அச்சடிச்சு வெளியிட்டார். தன் தப்பைத் தானே அச்சடிச்சு விநியோகம் பண்ற ஆளை நாம எங்கேயாவது பார்த்திருக்கோமா?

சக டாக்டர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்னு சொல்லணுமா? பதவி உயர்வு திறமையைப் பார்க்காமல் வயசு வரிசையில் கொடுக்கப்படுவதை எதிர்த்து 1914இல் பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டார். 1915இல் ஒரு கூட்டத்தில், மண்ணுக்குள்ள தலையைப் புதைச்சுக்கிட்டு டாக்டர்களுக்குத் தங்க முட்டை போடும் நெருப்புக்கோழியாக பணக்கார நோயாளிகளைக் கேலிப் படம் போட்டுக் காட்டினார். அத்தோடு ஊரே பகை. சாகும்போது கல்லறைக்குக் கல் வைக்கக்கூட இல்லை. 2014இல்தான் வெச்சாங்க.

ஆனா அவர் போட்ட விதை முளைச்சுது. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி குறைந்தபட்ச தரம்னு அஞ்சு விதி வகுத்து, 100 படுக்கைக்கு மேல் இருந்த 692 ஆஸ்பத்திரிகளைச் சோதிச்சுது. நோயாளி ஒவ்வொருவருக்கும் சரியான, முழுமையான பதிவேடு இருக்கணுங்கிறது அந்த அஞ்சில் ஒண்ணு. எத்தனை தேறிச்சு தெரியுமா? 89. பெரிய பெரிய பேரெல்லாம் ஃபெயில். 1919இல் நியூயார்க்கில் வால்டார்ஃப் ஹோட்டலில் கூட்டம். பட்டியல் வெளியே போனால் மானம் போயிடும்னு அதே ராத்திரி ஹோட்டல் அடுப்பில் போட்டுக் கொளுத்திட்டாங்க. பதிவேடு சரியில்லைங்கிறதைச் சொன்ன பதிவேட்டையே எரிச்ச கதை!

காட்மன் 1920 வாக்கில் எலும்புப் புற்றுநோய்க்குன்னு தனியா ஒரு பதிவேடு ஆரம்பிச்சார். யார் யாருக்கு வந்தது, என்ன சிகிச்சை, எத்தனை நாள் இருந்தாங்கன்னு நாடு முழுக்க இருந்து சேகரிச்சது அது.

நம்ம ஊர்க் கதை

ஏட்டை இழப்பது நமக்கும் புதுசு இல்லைங்க. தேவார ஏடுகள் சிதம்பரத்தில் ஒரு அறையில் பூட்டிக் கிடந்து, ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தப்போ முக்கால்வாசி செல்லரிச்சுப் போயிருந்ததுன்னு சின்ன வயசில் எல்லாரும் கதை கேட்டிருப்போம். எங்க குன்றத்தூர்க்காரர் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் செஞ்ச வேலையும் ஒரு விதத்தில் சிதறினதைச் சேர்த்ததுதான். அறுபத்து மூணு பேர் என்ன ஆனாங்க, எந்த ஊர், எப்படி முடிஞ்சாங்கன்னு ஒண்ணு விடாமல் கடைசி வரைக்கும் எழுதி வெச்சார். (சேக்கிழாரை இங்கே இழுக்கலைன்னா எங்க ஊரில் என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க.)

இப்போ அடையாறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயில் இறந்தாங்க. அந்த இழப்பை அவங்க மறக்கவே இல்லை. முப்பது வருஷப் போராட்டத்துக்கு அப்புறம், 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் தேதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. 12 படுக்கை. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும்தான் அதை வளர்த்தாங்க. சாந்தாம்மா 2021 ஜனவரி 19ஆம் தேதி 93 வயசில் காலமாகும் வரைக்கும் அந்த வளாகத்திலேயேதான் வாழ்ந்தாங்க.

அவங்களைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் ஏழைகளுக்குச் செஞ்ச சேவையை எழுதுவாங்க. சரிதான். ஆனா அவங்க செஞ்ச இன்னொரு பெரிய வேலை பத்தி அவ்வளவா யாரும் பேசுறதில்லை. அது பதிவேடு.

இந்தியாவில் மக்கள்தொகை அடிப்படையிலான முதல் புற்றுநோய்ப் பதிவேடு 1963இல் பம்பாயில் இந்தியன் கேன்சர் சொசைட்டி தொடங்கினது. அப்புறம் ஐ.சி.எம்.ஆர். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைக் கொண்டு வந்தப்போ பம்பாய், பெங்களூர், சென்னை மூணும் அதில் வந்தது. சென்னைப் பதிவேடு அடையாறு மருத்துவமனையில் உருவாகி, 1982 ஜனவரியிலிருந்து கணக்கு எடுக்க ஆரம்பிச்சுது.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கணும். ஆஸ்பத்திரிப் பதிவேடு ரகம் ஒண்ணு: எங்க கிட்ட வந்தவங்க யாரு, என்ன செஞ்சோம். மக்கள்தொகைப் பதிவேடு ரகம் இன்னொண்ணு: இந்த எல்லைக்குள் குடியிருக்கிறவங்களில் ஒருத்தர் எங்கே போய் வைத்தியம் பார்த்தாலும் அவரைக் கண்டுபிடிச்சு எழுதணும். ரெண்டாவது எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க. 1981 கணக்குப்படி சென்னை மாநகரில் சுமார் 33 லட்சம் பேர். புற்றுநோய் வந்தால் அரசுக்குத் தெரிவிச்சே ஆகணும்னு அப்போ இங்கே சட்டம் கிடையாது. ஆக யாரும் தகவலைக் கொண்டு வந்து கொடுக்க மாட்டாங்க. பதிவேட்டு ஊழியர்கள்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா, லேப் லேபா ஏறி இறங்கினாங்க. பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினாங்க. மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் எடுத்து வெச்சு ஒப்பிட்டாங்க.

ஒப்பிடுவதும் லேசு இல்லை. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு இனிஷியல், அப்புறம் ஒண்ணு. ஒரு ஆஸ்பத்திரியில் லட்சுமி, இன்னொண்ணில் லக்ஷ்மி அம்மாள், இறப்புப் பதிவில் வயசு அஞ்சு கூட. மூணு பேரா, ஒரே ஆளா? ஒரே ஆளை மூணு தடவை எண்ணினால் கணக்கே தப்பு.

அப்படிச் சேர்த்த கணக்கிலிருந்துதான், 1982 வாக்கில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் வருஷா வருஷம் இறங்கி, மார்பகப் புற்றுநோய் ஏறி முதலிடத்தைப் பிடிச்சது தெரிஞ்சுது. எந்தக் கருவியை வாங்கணும், எந்தப் பரிசோதனையை ஊருக்குள் கொண்டு போகணும்னு முடிவெடுக்க இந்த மாதிரி கணக்கு இல்லாமல் முடியாது.

பதில் இல்லைன்னா நல்லா இருக்கார்னு அர்த்தமா?

சரி, எத்தனை பேருக்கு வந்ததுன்னு தெரிஞ்சாச்சு. எத்தனை பேர் பிழைச்சாங்க? காட்மன் கேட்ட அதே கேள்வி. படிவத்தில் அந்தக் கடைசிக் கட்டம்.

மேல்நாட்டில் இது சுலபம். ஆளுக்கு ஒரு எண் இருக்கும், இறப்பு எல்லாம் ஒழுங்கா பதிவாகும், காரணம் சரியா எழுதியிருக்கும். ரெண்டு பட்டியலையும் ஒட்டிப் பார்த்து, இறப்புப் பட்டியலில் பேர் இல்லைன்னா உயிரோட இருக்கார்னு எடுத்துக்கலாம். அதே முறையை அப்படியே சென்னையில் செஞ்சால் என்ன ஆகும்?

நோயாளி ஆரணியில் அக்கா வீட்டுக்குப் போய் அங்கே காலமாகியிருப்பார். இல்லை, இறப்புச் சான்றிதழில் வெறுமனே மாரடைப்புன்னு எழுதியிருக்கும். வீடு மாறியிருப்பார். சென்னைப் பட்டியலில் பேர் வராது. பேர் வரலைங்கிறதால் உயிரோட இருக்கார்னு எழுதிட்டால், நம்ம சிகிச்சை பிரமாதமா வேலை செய்யுதுன்னு காகிதம் சொல்லும். ஆள் போய் ரெண்டு வருஷம் ஆகியிருக்கும்.

அடையாறு ஆட்கள் இதை ஒத்துக்கலை. கடிதம் போட்டாங்க, ஃபோன் செஞ்சாங்க, எதுவும் கிடைக்கலைன்னா வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரிச்சாங்க. பம்பாய், பெங்களூர், பார்ஷியோடு சென்னையின் உயிர்பிழைப்புக் கணக்கும் 1998இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட வளரும் நாடுகள் பற்றிய தொகுப்பில் வந்தது. அப்புறம் 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் சுவாமிநாதன், ரமா, சாந்தா மூணு பேரும் ஒரு கட்டுரை எழுதினாங்க. விஷயம் இதுதான்: ஆளைத் தேடிப் போகாமல் இறப்புப் பட்டியலை மட்டும் நம்பியிருந்தால், பிழைச்சவங்க எண்ணிக்கை நிஜத்தைவிட அதிகமாகத் தெரிஞ்சிருக்கும். அதாவது, பதிவேடு எவ்வளவுக்கு மோசமோ, சிகிச்சை அவ்வளவுக்கு நல்லா இருக்கிற மாதிரி தோணும்.

இதைப் படிச்ச அன்னிக்கு எங்க ஃபேக்டரி ஞாபகம்தான் வந்தது. கம்ப்ளெயிண்ட் வரலைன்னா சரக்கு நல்ல சரக்குன்னு புதுசா சேர்ந்த பசங்க சொல்லுவாங்க. கஸ்டமர் வேற கம்பெனிக்குப் போயிட்டாலும் கம்ப்ளெயிண்ட் வராதுடான்னு சொல்லிக் கொடுப்போம்.

திண்டுக்கல்லில் பலன்

தேடிப் போய் எழுதினால் என்ன லாபம்னு கேட்கிறவங்களுக்கு ஒரு உதாரணம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் வருஷத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினாங்க. 30 முதல் 59 வயசு வரைக்குமான பெண்கள். ஊர்களை 114 தொகுதியாப் பிரிச்சு, பாதித் தொகுதிகளில் பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் பரிசோதனை செஞ்சாங்க. அசிட்டிக் அமிலம்னா வேறொண்ணும் இல்லை, வினிகர் சமாச்சாரம்தான். சந்தேகமான இடம் வெள்ளையாத் தெரியும். பெரிய லேப் வேண்டாம், காசு குறைவு. மீதிப் பாதியில் வழக்கமான வசதி மட்டும்.

நல்லா வேலை செஞ்சுதான்னு எப்படித் தெரியும்? அடுத்த சில வருஷத்தில் ரெண்டு பக்கத்திலும் யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தாங்கன்னு ஒருத்தர் விடாமல் தெரியணும். அம்பிளிக்கையில் இருக்கும் ஒரு சமூக நல மருத்துவ மையத்தோடு சேர்ந்து 2003இல் திண்டுக்கல் அம்பிளிக்கைப் புற்றுநோய்ப் பதிவேடு வந்தது. கிராமம் கிராமமாப் போய் எழுதினாங்க. 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைவு.

வினிகரும் நர்சம்மாவும் உயிரைக் காப்பாத்துவாங்கன்னு உலகத்துக்கே நிரூபிச்சது நம்ம திண்டுக்கல். பரிசோதனை செஞ்சவங்களுக்கு எவ்வளவு பெருமையோ, நோட்டும் பேனாவுமா வெயிலில் அலைஞ்சவங்களுக்கும் அவ்வளவு பெருமை. ஏடு இல்லைன்னா அந்த 35 சதவீதம் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

அப்போ நம்ம ஏரியா?

இவ்வளவும் படிச்சுட்டு எனக்கு ஒரு ஆசை வந்தது. 2009இல் என் சித்தியை இந்தப் பதிவேட்டில் எழுதியிருப்பாங்களா? எங்கேயாவது ஒரு வரியில் சித்தி இருப்பாங்களா?

இல்லை. காரணம் ரொம்ப எளிது. சென்னைப் பதிவேட்டுக்கு எல்லை சென்னை மாநகராட்சி. வரதராஜபுரமோ குன்றத்தூரோ அதுக்குள் வராது. அப்பவும் காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் 2021இல் நகராட்சியாகி இன்னிக்கும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். சென்னையில் ஆபரேஷன் செஞ்சிருந்தாலும் குடியிருப்பு வெளியேன்னா மக்கள்தொகைப் பதிவேடு எண்ணாது. அது விதி, தப்பு சொல்ல முடியாது. காஞ்சிபுரத்தில், 1969இல் புற்றுநோயில் மறைந்த அண்ணாவின் பேரில், காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனையே இருக்கு. ஆனா மாவட்டம் முழுக்கக் கதவு தட்டி எண்ணும் பதிவேடு வேற வேலை.

தமிழ்நாடு முழுக்கவும் சேர்த்து எண்ணும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2012இல்தான் வந்தது. மாநில அரசும் அடையாறு மருத்துவமனையும் சேர்ந்து செஞ்சது. அதுக்கப்புறம் நம்ம ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், குன்றத்தூர் எல்லாம் கணக்குக்குள். நல்ல விஷயம்.

ஆனாலும் ஒரு ஓட்டை பாக்கி இருக்கு. இந்தப் பதிவேடுகளில் உள்ளூர்வாசின்னா குறைஞ்சது ஒரு வருஷம் அந்த எல்லைக்குள் குடியிருந்திருக்கணும். எங்க லைனில் நிற்கிற ஒடிசா, பீகார் பசங்களில் எத்தனை பேர் ஒரு வருஷம் ஒரே இடத்தில் இருக்காங்க? எட்டு மாசம் இங்கே, அடுத்து ஓசூர், அடுத்து ஊர். வாய்ப்புண்ணு ஆறலைன்னு இங்கே ஒருத்தனுக்குக் கண்டுபிடிச்சால், அவன் டிக்கெட் எடுத்து ஊருக்குப் போயிடுவான். கையில் ஒரு துண்டுச் சீட்டு. இங்கேயும் எண்ண மாட்டாங்க, அங்கே பதிவேடு இருக்கோ என்னவோ. அவன் தினமும் அடுக்குற பெட்டிக்கு லாட் நம்பர் இருக்கு.

கம்ப்யூட்டர் வந்தால் சரியாயிடுமா?

2021 செப்டம்பரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தை நாடு முழுக்கத் தொடங்கிச்சு. ஆளுக்கு ஒரு மருத்துவ எண். நல்ல ஆரம்பம். லட்சுமியும் லக்ஷ்மி அம்மாளும் ஒரே ஆள்தான்னு இனிமே சீக்கிரம் தெரியும். வெள்ளம் வந்தாலும் கூழாகாது.

ஆனா எண் மட்டும் எதையும் எழுதிடாது. எந்தக் கட்டத்தில் நோய் இருந்தது, கட்டியின் தன்மை என்ன, எந்த மருந்து மொத்தம் எத்தனை மில்லிகிராம், கதிர்வீச்சு எந்த இடத்தில் எவ்வளவு, அப்புறம் அந்தக் கடைசிக் கட்டம்: ஆள் எப்படி இருக்கார், இதை எல்லாம் ஒரு மனுஷர்தான் கேட்டு எழுதணும். அவருக்குச் சம்பளம் கொடுக்கணும். ஆஸ்பத்திரியில் செலவைக் குறைக்கணும்னா முதலில் கை வைக்கிற இடம் ரெக்கார்டு ரூம்தான். லாபம் தராத அறைன்னு நினைப்பு.

3 வருஷ விதியையும் மாத்தணும். உலகம் முழுக்க புற்றுநோய் சிகிச்சையை அளக்கிற அளவுகோலே 5 வருஷம். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் 5 வருஷத்துக்கு அப்புறமும் திரும்பி வரக்கூடியது. சித்திக்கு வந்தது எட்டாவது வருஷம். காய்ச்சலுக்குப் போட்ட சீட்டுக்கும் இதுக்கும் ஒரே கெடு எப்படிப் பொருந்தும்? காரில் போகும் புஷ்ஷின் பேப்பரையே நாங்க அதைவிட அதிக வருஷம் வெச்சிருக்கோம். அந்தக் கார் இன்னும் ரோட்டில் ஓடிக்கிட்டிருக்குங்கிறதுதான் காரணம்.

இப்போ, முதல்ல சொன்னேனே, உறுத்துற விஷயம்.

சித்தி 2009இல் அந்த ஆஸ்பத்திரியை விட்டு வந்தப்போ டிஸ்சார்ஜ் சம்மரியில் நல்ல நிலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்னு எழுதியிருந்தது. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான்தான் சித்திக்கு வாசிச்சுக் காட்டினேன். அதுக்கப்புறம் அங்கிருந்து ஒரு ஃபோன் வரலை, ஒரு கார்டு வரலை. 2017இல் நான் நேரில் போய் நின்னப்பகூட, அந்த அம்மா இப்ப எப்படி இருக்காங்கன்னு அந்தக் கவுண்டரில் யாரும் கேட்கலை. கேட்கணும்னு அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க. அந்த டாக்டர் தன்னோட வெற்றிக் கணக்கை எண்ணினால் அதில் சித்தியும் ஒருத்தங்க. அங்கே போகும் அடுத்த நோயாளிக்கு, எங்க கிட்ட இத்தனை பேர் நல்லாயிருக்காங்கன்னு சொல்வாங்களே, அந்த இத்தனை பேரில் சித்தி இருப்பாங்க.

போன மாசம் ஒரு கடிதம் எழுதி அந்த ஆஸ்பத்திரிக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். சண்டை எல்லாம் இல்லை. பேர், வயசு, ஆபரேஷன் நடந்த மாசம், திரும்பி வந்த தேதி, இறந்த தேதி. உங்க கணக்கில் சேர்த்துக்கோங்கன்னு ஒரு வரி. பதில் வரலை. அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டு மட்டும் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதைப் பீரோவின் மேல்தட்டில் வெச்சிருக்கேன்.

பி.கு.: வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்திருந்தால் தயவுசெஞ்சு இன்னிக்கே ஒரு வேலை செய்யுங்க. பயாப்ஸி ரிப்போர்ட், ரிசப்டார் ரிசல்ட், ஆபரேஷன் குறிப்பு, ஒவ்வொரு ஊசியின் பேரும் அளவும், கதிர்வீச்சு சம்மரி, டிஸ்சார்ஜ் சம்மரி, இந்த ஆறையும் ஃபோனில் படம் எடுத்து, ரெண்டு பேருக்காவது அனுப்பி வைங்க. இல்லாததை 3 வருஷத்துக்குள் ஆஸ்பத்திரியில் எழுதிக் கேட்டு வாங்கிடுங்க. மஞ்சப்பையை அடித்தட்டில் வைக்காதீங்க.